மாமாவுக்கு நான் எழுதிய மூன்று பிள்ளைகள்

ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆபீசில் எல்லோரும் பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார்களாம். ரேஷன் கடையில் எடை குறையவில்லையாம். அந்த மாதிரி ஒரு ஆட்சி திரும்ப வந்தால்தான் நாடு உருப்படுமாம். பக்கத்தில் இருந்த இளவட்டங்கள் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அறுபது வயதில் பந்தியில் எழுந்து நின்று சண்டை போட்டால் பெண்வீட்டார் மனசு சங்கடப்படும் என்று இலையை மூடிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகும் ஆறவில்லை. அங்கே சொல்லாமல் விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. சங்கரன்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். எனக்குக் கீழே மூன்று வயதில் ஒரு தங்கை. அம்மாவுக்குப் பிறந்த ஊர் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் மட்டும் விளைகிற கரிசல் காட்டு ஊர். தாயும் தகப்பனும் போன பிறகு அங்கே மிச்சம் இருந்தது அம்மாவின் தம்பி மட்டும்தான். மாமாவுக்கு இருபத்து நாலு வயது. பத்துப் பதினைந்து வெள்ளாடுகள் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. மாதத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் பை நிறைய மொச்சையோ சீனிக்கிழங்கோ இருக்கும். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கோபுரவாசல் வரை நடப்பார். பத்து வயதுப் பெண்ணை என்ன தூக்கிச் சுமக்கிறது என்று அம்மா ஏசினாலும் இறக்கிவிட மாட்டார்.

டெல்லியில் என்னவோ சட்டம் போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு அப்பாவின் மூலமாகத்தான் தெரிந்தது. அதுவரை அவர் காலையில் பேப்பரை உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று கேட்பார்கள், வாதாடுவார்கள். அதன் பிறகு உரக்கப் படிப்பது நின்றது. தை மாதம் சென்னையில் இருந்த ஆட்சியையும் கலைத்தார்கள். அந்த வாரமே, மேடையில் பேசுகிற அப்பாவின் சிநேகிதர் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிற்று. அப்பா அன்றைக்குச் சாயங்காலமே கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒரு தலைவரின் படத்தைக் கழற்றி நெல் குதிருக்குள் போட்டார். ஏன் என்று கேட்டேன். சட்டம் உடைந்துவிட்டது என்றார். நான் பார்த்தவரை சட்டம் நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் புதுப் பாடம் ஒன்று வந்தது. பிரதம மந்திரியின் இருபது அம்சத் திட்டம். ஏழைகளுக்கு வீட்டுமனை, கிராமக் கடன் ரத்து, மாணவர்களுக்குக் குறைந்த விலையில் நோட்டுப் புத்தகம் என்று இருபதையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். தாலுகாவிலேயே மூச்சு விடாமல் ஒப்பித்தவள் நான்தான். பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்கிற வார்த்தை அந்த இருபதில் ஒன்றில்கூட இல்லை என்பதை வளர்ந்து பெரியவளான பிறகுதான் கவனித்தேன். ஆனால் ஊர்ச் சுவர்களில் எல்லாம் அதன் சின்னமான சிவப்பு முக்கோணம்தான் இருந்தது. வாத்தியார்களுக்கு உத்தரவும் அதற்குத்தான் வந்தது. ஆளுக்கு இரண்டு கேஸ் பிடித்து வர வேண்டும். கேஸ் என்றால் கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிற ஆள். பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். எங்கேயாவது தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றல் வரும்.

ஒரு கேஸ் அப்பாவுக்குத் தானாகக் கிடைத்தது. மூட்டை தூக்குகிற ஒருவர், ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர், போதும் சார் என்று அவரே வந்தார். அதில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் அகப்படவில்லை. அப்பா வெள்ளைச் சட்டையோடு தெருவில் நுழைந்தாலே ஆண்கள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் இப்படி அலைந்தார். கடைசியில் மேலதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து மற்ற வாத்தியார்களுக்கு முன்னால் கேட்டிருக்கிறார்: “ஏன்வே ஊரெல்லாம் அலையுதீரு? உமக்குத்தான் ரெண்டு பிள்ளை இருக்குல்லா. வீட்டம்மாவும் முழுகாம இருக்காவளாம். நீரே படுத்துட்டா வேலை முடிஞ்சுது.”

அம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே, மூன்றாவதாவது பையனாக இருக்கவேண்டுமே என்று அப்பா புற்றுமண் பூசிக்கொண்டு அம்மன் சன்னதியில் நிற்பவர். மூன்றாவதும் பெண்ணாகிவிட்டால் நாலாவதுக்கும் வழி இருக்க வேண்டும் அல்லவா? அதிகாரி சொன்ன யோசனைதான் அன்றைக்கு இருந்ததிலேயே நேர்மையான யோசனை. அதை மட்டும் அப்பா எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் மாமா வந்திருந்தார். அவருக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கரிவலம்வந்தநல்லூர். கல்யாணத்துக்குமுன் இன்னும் பத்து ஆடு வாங்கிவிட்டால் வருகிறவளைக் கூலி வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்பது மாமாவின் கணக்கு. பாங்கில் ஆட்டு லோன் கொடுக்கிறார்களாமே, அத்தானுக்குத் தெரியாமல் இருக்காது என்று கேட்டுப் போகத்தான் வந்தார். அப்பா சரி என்றார். அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும், முகாமில் கொடுக்கிறார்கள், சின்னதாக ஒரு ஊசியும் வைத்தியமும் இருக்கும், குடலிறக்கம் வராமல் இருப்பதற்கு என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, உன் கையெழுத்து நல்லாருக்கும்லா. இந்தப் பாரத்தை நீ எழுது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் மைப்பேனாவை அதுவரை நான் தொட்டதில்லை. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வயது என்ற இடத்தில் இருபத்து நாலு என்று போடப்போனேன். முப்பத்தாறு என்று போடச் சொன்னார். திருமணமானவரா என்ற இடத்தில் ஆம். மனைவியின் பெயர் என்று ஒரு கோடு இருந்தது. ஆவணியில் வரப்போகிற அத்தையின் பெயர் எனக்குத் தெரியும் என்பதால் ஆசையாக முதல் எழுத்தைத் தொடங்கினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அந்தப் பேரை எழுதாத. வேற ஏதாவது எழுது.”

எங்கள் தையல் டீச்சரின் பெயரை எழுதினேன். அடுத்த கோடு குழந்தைகளின் பெயர், வயது.

“மாமாவுக்கு ஏதுப்பா பிள்ளை?”

“சும்மா பேப்பருக்குத்தான். பிள்ளைகுட்டிக்காரனுக்குத்தான் லோன் குடுப்பான். ஒரு மூணு பேர் எழுது.”

எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கோமதி, எட்டு வயது. செல்வி, ஐந்து. கடைக்குட்டி பையனாக இருக்கட்டும் என்று சங்கர், இரண்டு வயது. முதல் இரண்டு பேரும் என் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள். சங்கர் நானே யோசித்தது. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்றும் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மாமா வந்து பெருவிரலை மையில் ஒற்றிக் கீழே வைத்தார். வைத்துவிட்டு என் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முத்து முத்தா எழுதிருக்கியேட்டி. என்னதான் எழுதிருக்க?”

நான் அப்பாவைப் பார்த்தேன். “பேரும் ஊரும்தான் மாப்ளே,” என்றார் அப்பா. நானும் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்குத் தெரியாமல் அவருக்கு மூன்று பிள்ளைகள் வைத்திருப்பது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது.

முகாமைக் கல்யாண வீடு மாதிரி அலங்கரித்திருந்தார்கள். மாவிலைத் தோரணம், வாழைமரம், மைக்செட்டில் பாட்டு. தொடக்க விழாவில் இருபது அம்சத்தை ஒப்பிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மேடையில் ஏறிப் பார்த்தால் முன்னால் இரண்டு பெஞ்சுகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிழவர், எழுபதாவது இருக்கும். அவரை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த வரிசையில் சிரித்த முகமாக இருந்தது மாமா ஒருவர்தான். நான் இருபதையும் முடித்தபோது அவர்தான் முதலில் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், “எங்க அக்கா மவ,” என்று சொன்னது எனக்கே கேட்டது. பிறகு உள்ளேயிருந்து ஒருவர் பாரத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மத்தியானம் அவரை ஜீப்பில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாமா காலை அகட்டி அகட்டி, மெதுவாக நடந்து வந்தார். கையில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளி எங்கே கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

“ஏலே, இந்த வாளி உனக்கு ஏது?”

“முகாம்ல குடுத்தாவக்கா. ஆட்டு லோனுக்கு. அத்தான்தான் ஏற்பாடு பண்ணுனாவ. கொஞ்சம் வலிக்கு, நாலு நாள்ல சரியாயிரும்னாவ.”

அம்மா முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடைத்த அரிசி எல்லாம் மண்ணில் சிந்திக் கிடந்தது. அவள் அழவில்லை. ஆபரேஷன் பண்ணும்போது டாக்டர் என்ன சொன்னார், எங்கே வெட்டினார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்கக் கேட்க மாமாவின் முகம் மாறியது. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அப்பா வந்தார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஆவணியில கல்யாணம்னு உங்களுக்குத் தெரியாதா?” அப்பா தலையைக் குனிந்துகொண்டு, அது வெறும் முடிச்சுதான், வேண்டும்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னார். அதன் பிறகு அம்மா அவரிடம் பேசவில்லை. சோறு போடுவாள், கூப்பிடுவதற்கு நான்தான் போக வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மா ஐந்து மாத வயிற்றோடு முகாம் ஆபீசுக்கு நடந்தாள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெளியூர்க்காரர். அம்மா கத்தவில்லை. கல்யாணம் ஆகாத பையனுக்கு எந்தச் சட்டத்தில் இதைச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். “வாத்தியார் வீட்டுலயே மூணாவதா? நீங்க சட்டம் பேச வந்துட்டீங்க,” என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மா நகரவில்லை. அவர் காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு பாரத்தை உருவி மேஜையில் வைத்தார்.

“பாரும்மா. மனைவி பேர் இருக்கு. மூணு பிள்ளைங்க பேர், வயசு எல்லாம் இருக்கு. விரல் ரேகை இருக்கு. எங்க மேல என்ன தப்பு?”

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆபீசில், அவ்வளவு பேருக்கு முன்னால், என் கையெழுத்தைக் காட்டிப் பேசுகிறார்கள்.

“நான்தாம்மா எழுதுனேன்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, பொய் என்றால் பொய் எழுதினவர்கள் மேல்தான் கேஸ் வரும், வாத்தியார் வேலையும் போகும், உள்ளேயும் போவார், இப்போது இருக்கிற நிலைமையில் வெளியே வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றார். அம்மா அந்தத் தாளை அவர் பக்கமே தள்ளி வைத்தாள். புருஷனைக் கொடுத்தால்தான் தம்பிக்கு நியாயம் கேட்க முடியும். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பக்கத்தில் நான். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்பா எதற்காகத் தன் பேனாவை என்னிடம் கொடுத்தார் என்று எனக்கு விளங்குவதற்கு நான் பி.ஏ. படிக்க வேண்டியிருந்தது. அவருடைய எழுத்து அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பயந்த மனுஷர், சரி. அந்த வருஷம் யார்தான் பயப்படவில்லை? மேலே இருந்தவன் மிரட்டினான், நடுவில் இருந்தவன் ஆள் தேடினான், எல்லாம் கடைசியில் படிக்கத் தெரியாத ஒருவனின் தலையில் இறங்கியது. ஆனால் தப்பித்துக்கொள்வதற்கு ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கைதானா கிடைத்தது? அந்த வருஷம் முடிவதற்குள் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்றும் வந்தது. இரண்டு கேஸ் கொண்டுவந்ததற்கு.

மாமாவுக்கு லோன் வரவில்லை. பட்டியலில் பெயரே இல்லை என்றார்கள். கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களுக்கு விஷயம் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெண்ணின் அப்பா வந்து, தப்பு உன் மேல் இல்லை தம்பி என்று சொல்லிவிட்டுத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். பின்னாளில் அம்மா நகையை விற்று மதுரையில் ஒரு டாக்டரிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பவும் ஆபரேஷன் செய்தார்கள், பலன் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு மாமாவே முதலில் சொல்லிவிடுவார்: “எனக்கு ஆபரேஷன் ஆயிட்டு. தெரிஞ்சுக்கிட்டு மேல பேசுங்க.” யாரும் மேலே பேசவில்லை. கடைசிவரை தனியாக ஆடு மேய்த்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் காட்டிலேயே போய்ச் சேர்ந்தார். ஆட்டைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிற கிறுக்கன் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கேலி பேசுவார்களாம். ரயில் நேரத்துக்கு வந்ததைச் சொன்னவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இவை எல்லாம் பிற்பாடு நடந்தவை. அந்த வருஷத்தில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது.

மார்கழியில் எனக்குத் தம்பி பிறந்தான். அப்பா கேட்ட பையன். தை பிறந்ததும் தேர்தல் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஊரில் திரும்பவும் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. தம்பிக்கு நாற்பத்தொன்றாம் நாள் அன்று காலையில் அவரே வந்தார். இரண்டு ஆட்டை விற்று வெள்ளி அரைஞாண் வாங்கி வந்திருந்தார். தாய்மாமன் சீர். அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக இறைத்து, இறைத்து, கால் கழுவிக்கொண்டே இருந்தார்.

மாமா பாயில் உட்கார்ந்தார். அம்மா தம்பியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். மாமா விரலை நீட்டினார், தம்பி பிடித்துக்கொண்டான். அப்போது அம்மா பின்பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

“ஏங்க. இங்கன வாங்க.”

ஆறு மாதத்துக்குப் பிறகு அம்மா அப்பாவோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு நெஞ்சு குதித்தது. இனிமேல் நான் தூது போக வேண்டியதில்லை. அப்பா ஈரக் காலோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

“என் தம்பி மடியில பிள்ளை இருக்கான். நல்லாப் பாத்துக்கிடுங்க,” என்றாள் அம்மா.

“விடுக்கா,” என்றார் மாமா. குனிந்து, தம்பியின் இடுப்பில் அரைஞாணைக் கட்டினார். கொக்கி அவருக்கு மாட்டவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, “உங்க சாடைதான் அத்தான்,” என்றார்.

அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு ஆண் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அழவில்லை, மாமாவும் அழவில்லை. எனக்கு ஒரே பூரிப்பு. வெளியே ஓடினேன். தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன்: எங்கம்மா எங்கப்பாகிட்ட பேசிட்டா, தம்பி பிறந்த சந்தோஷத்துல எங்கப்பா அழுதாவ!